சயாம் அரிசியும் தோட்டத்தார் நடையும்

நடை என்னும் சொல்லுக்கு நம் மொழியில் பொருள் பல. காலால் நடப்பதும் நடை, ஒழுக்கமும் நடை, எழுதும் பாங்கும் நடை. அன்னநடை, பிடிநடை என்று புலவர்கள் அழகிய நடைகளுக்குப் பெயர் சூட்டி வைத்தார்கள். ஆனால் பிறவியில் குறையேதும் இல்லாத ஒரு மனிதன், ஆளாகி வளர்ந்த பின் ஒருநாள் வேறு வகையாக நடக்கத் தொடங்கினால், அதற்கு நம்மவர் வைத்திருக்கும் காரணங்கள் இரண்டே. ஒன்று வாதம், மற்றொன்று குடி. இவ்விரண்டிலும் அடங்காத ஒரு நடை கெடா மாநிலத்துத் தோட்டங்களில் ஒரு தலைமுறைக் காலம் உலவிற்று. அது எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் பிறந்து வளர்ந்தது சுங்கை பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடைப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டம். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு உற்றார் இட்ட பெயர் வேறு. பிள்ளைகளாகிய நாங்கள் இட்ட பெயர் கொக்குத் தாத்தா. காலை எடுத்து வைக்கும்போது முழங்காலை வயிறு மட்டும் உயர்த்துவார். பாதம் முன்னே தொங்கும். பிறகு அது தரையில் ‘டப்’பென்று விழும். இரண்டு கால்களும் அப்படியே. அவர் சடக்கில் வருவது, பார்க்கும் முன்பே காதில் விழுந்துவிடும். 1978ஆம் ஆண்டு என்று நினைவு. பள்ளி விட்டு வரும் வழியில் அவர் பின்னாலேயே அதுபோல் நடந்து காட்டி நண்பர்களைச் சிரிக்க வைத்தவன் நான். பார்த்த பெரியவர்களும் சிரித்தார்களேயொழிய ஒருவரும் கண்டிக்கவில்லை. சம்சு குடித்துக் குடித்துக் கால் போயிற்று என்றே லயத்தில் பேச்சு. அவரோ வாழ்நாளில் குடித்ததில்லை என்று என் பாட்டி மட்டும் சொல்வார், யாரும் நம்பவில்லை.

கேட்டால் தாத்தா ஒரே பதில்தான் சொல்வார்: “சயாம் அரிசி என் காலைத் தின்னுருச்சுடா தம்பி.”

சோறு காலைத் தின்னுமா என்று நாங்கள் மறுபடியும் சிரிப்போம். இன்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பது ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வரும் நான், அந்த ஒரு வாக்கியத்தில் இருந்த மருத்துவ உண்மையையும் வரலாற்று உண்மையையும் தேடிப் படித்த பிறகு, அதை விடத் துல்லியமாக எந்த மருத்துவரும் சொல்லியிருக்க முடியாது என்று கருதுகிறேன்.

ஆட்டின் பெயர் பெற்ற நோய்

தாத்தாவுக்கு வந்த நோயின் பெயர் பெரிபெரி. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், பணியாற்றிய யாக்கோப் பொன்டியுஸ் என்னும் டச்சு மருத்துவர் இந்நோயை எழுதி வைத்தார். அவர் இறந்த பின் 1642இல் அந்நூல் அச்சேறிற்று. நோயாளிகள் முழங்கால் நடுங்க, காலைத் தூக்கித் தூக்கி வைத்துச் செம்மறியாட்டைப் போல் நடப்பதால் இப்பெயர் வந்ததென்பது அவர் கருத்து. மலாய் மொழியில் செம்மறியாட்டுக்கு ‘பிரி பிரி’ என்று பெயர். கெடாவில் இன்றும் எந்தப் பசாரில் கேட்டாலும் சொல்வார்கள். ‘முடியாது, முடியாது’ என்று பொருள்படும் சிங்களச் சொல்லே மூலம் என்பாரும் உளர். மொழிநூலார் வழக்கு எப்படியாயினும் ஆகுக. காய்ச்சலுக்கும் கட்டிக்கும் உள்ள பெயர்களைப் போலன்றி, நோயாளி நடக்கும் விதத்தைப் பார்த்தே இந்நோய்க்குப் பெயர் வைத்தார்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டதே நமக்கு வேண்டுவது.

நடை ஏன் அப்படி ஆகிறது? உடம்பில் நெடிய நரம்புகள் காலுக்குப் போகும் நரம்புகளே. சத்துக் குறைந்தால் முதலில் நலிவதும் அவையே. பாதத்தை மேலே தூக்கும் தசைகள் ஓய்ந்துவிடுவதால் பாதம் தொங்குகிறது. தொங்கும் விரல் தரையில் இடறாதிருக்க முழங்காலை மிக உயர்த்த வேண்டியதாகிறது. உணர்ச்சி நரம்பும் கெடுமானால் கால் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. கண்ணால் பார்த்துத்தான் அடியெடுத்து வைக்க வேண்டும். அத்தகையவரை நிற்கச் செய்து கண்ணை மூடச் சொன்னால் தள்ளாடுவார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெர்லினில் இருந்த ரோம்பெர்க் என்னும் மருத்துவர் பெயரால் இச்சோதனை இன்றும் வழங்குகிறது.

எங்கள் தாத்தா பொழுது சாய்ந்தால் அரிக்கேன் விளக்கின்றி வாசலைத் தாண்டமாட்டார். நிலவு காயும் இரவிலும் விளக்கு வேண்டும். அதையும் முகத்துக்கு நேரே பிடிக்காமல் பாதத்தின் அருகில் தாழ்த்திப் பிடிப்பார். பேய்க்குப் பயந்தவர் என்று அதற்கும் ஒரு கதை கட்டியிருந்தோம்.

மூன்று இனம், மூன்று அரிசி

மலாயாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பெரிபெரி ஒரு பெருங்கொள்ளை. ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். கால் வீங்கி நெஞ்சடைத்துச் சாவது ஒரு வகை; கால் மெலிந்து நடை கெடுவது மற்றொரு வகை. தொற்று நோய் என்றும், மண்ணிலிருந்து எழும் நச்சு என்றும் மருத்துவர்கள் வாதிட்டுக்கொண்டிருந்தனர்.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் வேறு ஒன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே மழை, ஒரே தண்ணீர். ஆயினும் சீனர்க்கு வரும் நோய் தமிழர்க்கு மிக அரிதாகவே வருகிறது. கம்பத்து மலாய்க்காரர்க்கும் வருவதில்லை. வேறுபாடு எங்கே? அடுப்பில்! சீனத் தொழிலாளர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் வெள்ளை வெளேரென்று தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது வீட்டு உரலில் அவ்வப்போது குத்திய தவிடு போகாத அரிசி. தமிழர் உண்டதோ புழுங்கல் அரிசி. 1907இல் பிராடன் இதை ஒரு பெருநூலாக எழுதி வெளியிட்டார். கெட்டுப்போன பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் முடிவு கட்டியது பிழை. குற்றவாளி அரிசிதான் என்று கண்டது சரி.

அதே காலத்தில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படையாரைப் பச்சரிசிக்கும் இரட்டைப்படையாரைப் புழுங்கல் அரிசிக்கும் ஒதுக்கினார். 1906ஆம் ஆண்டு முடிவதற்குள் பச்சரிசி உண்டவரில் முப்பதுக்கு மேற்பட்டோரை நோய் பற்றியது. 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்டவரில் புதிதாக ஒருவருக்கும் வரவில்லை. தம் சம்மதத்தைச் சொல்ல இயலாத மனிதரை வைத்துச் செய்த சோதனை இது என்பதையும் மறந்துவிடலாகாது. அந்தப் பதினெட்டு உயிர்களின் விலையில்தான் நமக்கு இவ்வறிவு கிட்டிற்று.

பின்னர், 1900இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், ஜெலபுக் காட்டுப் பகுதியில் சாலை போட வந்த 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கிச் சோதித்தனர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் பச்சரிசிப் பிரிவில் கால்கள் ஓயத் தொடங்கின. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறியது. 1909இல் வெளிவந்த அவர்கள் அறிக்கை, அரிசியில் நஞ்சு இருப்பதன்று, தீட்டும்போது அரிசியிலிருந்து ஏதோ போய்விடுவதே காரணம் என்ற முடிவுக்கு உலகை நெருங்கச் செய்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே பத்தாவியாவில் எய்க்மன் என்பவர், வெள்ளைச் சோறு தின்ற கோழிகள் கால் தடுமாறி விழுவதையும் தவிடு கொடுத்தால் எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். 1929இல் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அந்தச் சத்தாகிய தயாமினை 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டிய வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் பிறந்தது நம் பழைய சென்னை மாகாணத்து நெல்லூரில் என்பது பலர் அறியாத செய்தி.

நெல்லை ஊற வைத்து அவித்து உலர்த்தும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயாமின் அரிசியின் உள்ளே இறங்கிப் பதிந்துவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளே நிற்கும். நம் பாட்டிமார் இதை எந்த ஆராய்ச்சிக் கழகத்திலும் கற்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது, பூச்சி எளிதில் அண்டாது என்பதற்காகச் செய்தார்கள். அது காலையும் காத்தது. புழுக்காத வழக்கமுள்ள வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது வடக்கே உள்ள தெலுங்குக் கடற்கரையில், பெரிபெரி நிலைத்திருந்தது. 1835இலேயே சென்னைப் படை மருத்துவர் மால்கம்சன் அப்பகுதி நோயைப் பற்றித் தனி நூல் எழுதியிருக்கிறார். தெற்கே தமிழ் மாவட்டங்களில் அந்தத் தொல்லை இல்லை.

கப்பலேறி வந்த நம் முன்னோர் மற்றவற்றையெல்லாம் இழந்தாலும் இந்த அரிசியை இழக்கவில்லை. ரங்கூனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த புழுங்கல் அரிசியே தோட்டக் கடைகளில் அளக்கப்பட்டது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் அவர்களை வாட்டின; உண்மை. ஆனால் ஆட்டுநடை மட்டும் அவர்களிடம் வரவில்லை.

அரிசி மாறிய காலம்

1941 டிசம்பரில் ஜப்பானியர் கெடாவில் நுழைந்தனர். கடல் வழி அடைபட்டது. ரங்கூன் அரிசி வருவது நின்றது. நெற்களஞ்சியம் என்று பேர் பெற்ற கெடாவிலேயே, தோட்டத்து மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாள் கழித்தனர். ரப்பரை வாங்குவாரில்லை, பால் மரங்கள் சும்மா நின்றன. இந்த நிலையில்தான் சயாமுக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை. 1942இன் நடுவில் தொடங்கிய வேலை. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. (அதே அக்டோபரில் கெடா மாநிலத்தையே ஜப்பான் சயாமுக்குத் தாரை வார்த்தது. சயாமுக்குப் போகாமல் லயத்திலேயே இருந்தவர்களும் சயாம் ஆட்சிக்கு உட்பட்டார்கள்.) மலாயாவிலிருந்து சென்ற ஆசியத் தொழிலாளர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். பல்லாயிரவர் திரும்பவில்லை. எத்தனை ஆயிரம் என்பதில் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. எண்ணுவாரில்லாமல் செத்தவர்களின் கணக்கு எப்படி ஒத்துவரும்?

எங்கள் தாத்தா அப்போது இருபது வயதுக் காளை. “மூணு மாச வேலைதான், சம்பளம் உண்டுன்னு சொல்லிக் கூட்டிப் போனாங்க” என்பார். சாமான் ஏற்றும் ரயில் பெட்டியில் நிற்க மட்டுமே இடம். பாடாங் பெசார் தாண்டி நாட்கணக்கில் ஓடி பான்போங்கில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து காட்டு வழியே நடை. போகும்போது நன்றாகத்தான் நடந்தாராம். மண் வெட்டிய கையோடு அவர்கள் தின்றது தீட்டிய வெள்ளைச் சோறும், சில நாள் அதில் மிதக்கும் பூசணித் துண்டும். மூன்று மாதம் கழிந்தது, வேலை முடியவில்லை. ஜெலபுக் காட்டில் பிரேசரும் ஸ்டாண்டனும் கண்டதும் மூன்று மாதமே என்பதை வாசகர்கள் நினைவுகூர்க.

முதலில் உள்ளங்காலில் நெருப்புக் கொட்டியது போல் எரிச்சலாம். பிறகு கெண்டைக்கால் வலி. தொட்டால் உயிர் போகும். குந்தி உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை. (இவ்வாறு குந்தி எழச் சொல்வது பெரிபெரிக்கு மருத்துவர் செய்யும் எளிய சோதனைகளுள் ஒன்று.) அடுத்துப் பாதம் தொங்கிற்று. “எங்க ஆளுங்க கொஞ்சம் பேரு நோயில்லாம இருந்தாங்க, காட்டுக் கீரையப் பறிச்சுத் தின்னவங்க அவங்க” என்று தாத்தா சொன்னதை என் பாட்டி எனக்குச் சொன்னார். சயாமில் சாவு வாந்திபேதியால் வந்தது, மலேரியாவால் வந்தது, அடியால் வந்தது. நடை போனது அரிசியால்.

அதே பாதையில் வேலை செய்த வெள்ளைப் போர்க்கைதிகள் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்டவர். அவர்களுக்கும் இதே நோய் வந்தது. அவர்களிடையே மருத்துவர்களும் இருந்தார்கள். மருந்தில்லை என்றாலும் எழுதி வைக்கப் பென்சில் இருந்தது. சிங்கப்பூர்க் கைதி மருத்துவமனையில் கண் ஆடி, கால் தள்ளாடி, மனம் குழம்பிய 52 நோயாளிகளைப் பற்றி தெ வார்டனரும் லெனக்ஸும் குறித்து வைத்தவை 1947இல் லண்டன் ‘லான்செட்’ இதழில் வெளிவந்து, இன்றும் மருத்துவ மாணவர்க்குப் பாடமாக உள்ளன. போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழிந்தும், திரும்பிய பிரிட்டிஷ் கைதிகளை லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி அழைத்துச் சோதித்து வந்தது. சிலருக்குக் கால் நரம்பு நலிவு முதுமை வரை தீரவில்லை என்று கண்டது. நம்மவர்க்கு அப்படி யாரும் ஓர் ஏடு திறக்கவில்லை. தோட்டத்து டிரஸ்ஸர் ‘கால் பலவீனம்’ என்று எழுதி, வெளிக்காட்டு வேலைக்கு ஆகாது என்று பெயரை நீக்கினால் அதுவே ஏடு. காண்டா வாளி சுமந்து மேடு பள்ளம் இறங்க முடியாதவனுக்குப் பால் மரம் ஏது? தாத்தாவுக்குப் புல் வெட்டும் வேலை கொடுத்தார்கள், அரைச் சம்பளம்.

ஆகவேதான் நடையை ஒரு சான்றாகக் கொள்ளவேண்டும் என்கிறேன். கல்வெட்டும் செப்பேடும் இல்லாத மக்களுக்கு உடம்பே ஏடு. ஆனால் அதைப் பிழையின்றிப் படிக்கத் தெரிய வேண்டும். சயாமிலிருந்து வந்த எல்லாரும் ஒரே வகையாக நடக்கவில்லை. இரண்டு பாதமும் சமமாகத் தொங்கினால் உணவுக் குறை என்று ஐயுறலாம். ஒரு பாதம் மட்டும் தொங்கி, முழங்காலுக்குக் கீழே வெளிப்புறத்தில் பெரிய தழும்பும் இருந்தால், அது காட்டுப் புண் அரித்த நரம்பு. அந்த இடத்தில்தான் பாதம் தூக்கும் நரம்பு எலும்பை ஒட்டித் தோலுக்கு மிக அருகே ஓடுகிறது. அந்தப் புண் முற்றிக் காலையே வெட்டி எடுக்கப்பட்டவர்களும் உண்டு. தொழுநோயாலும் ஒரு கால் தொங்கும். அவ்வாறு தொங்கிய பாதங்களைத் தசைநாண் மாற்றிக் கட்டி நிமிர்த்தும் அறுவை மருத்துவம் 1940களின் இறுதி முதல் நம் வேலூரில் வளர்ந்தது. உள்ளங்கால் வெடித்து, அதைத் தரையில் பதிக்க அஞ்சி, நண்டைப் போல் பாதத்தின் ஓரத்தால் நடந்தவர்களும் கம்பங்களில் இருந்தனர். அது மலாய்க்காரர் ‘புரு’ என்னும் நோய். 1950களில் பெனிசிலின் ஊசியோடு அது மறைந்தது.

இவையெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிடுவதற்கில்லை. பெரிபெரி நடையை இன்று தோட்டங்களில் காண்பது அரிது. ஆனால் மிதமிஞ்சிக் குடிப்பவர்க்கு அதே தயாமின் குறைந்து அதே நரம்பு கெடும். லயத்தார் சம்சுவின் மேல் பழி போட்டது முழுப் பொய்யன்று, ஆளைத்தான் மாற்றிப் போட்டார்கள். சர்க்கரை நோயோ, இந்நாட்டு இனங்களுள் இந்தியரிடமே மிகுந்த விகிதத்தில் காணப்படுகிறது. அதுவும் பாதத்து உணர்ச்சியை மெல்ல மெல்ல அழிப்பது. என் பள்ளிக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் பாட்டிமாரில் இருவர் தரையைப் பார்த்துப் பார்த்தே நடக்கிறார்கள். செருப்பு கழன்றது தெரியாமல் வகுப்பு வாசல் வரை வந்தவர் ஒருவர். வயதாகிவிட்டது சார், அவ்வளவுதான் என்கிறார்கள். சுங்கை பட்டாணி மருத்துவமனைக்குப் போங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் போனார்.

எங்கள் வீட்டில் புழுங்கல் அரிசி நின்றது என்னால்தான். வாடை அடிக்கிறது, பட்டணத்துப் பிள்ளைகள் தின்பது போல வெள்ளைச் சோறு வேண்டும் என்று பத்து வயதில் அடம் பிடித்தேன். அம்மா சயாம் அரிசிக்கு மாறினார். பாட்டி மட்டும் தனக்கென்று ஒரு சிறு பானையில் புழுங்கல் அரிசியே வடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு கிண்ணம் நாள்தோறும் கடைசி வீட்டுக்குப் போகும். கிண்ணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. வாங்கிக்கொண்டு தாத்தா, “பாட்டி சோறா? நல்லது” என்பார். பின்னால் நடந்து காட்டியவன் இவன்தான் என்று அவருக்குத் தெரியுமோ என்று அப்போதெல்லாம் எனக்கு அச்சம். அதைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

தாத்தா 1986இல் காலமானார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுதியில், ஒரு நலக்கல்வி நூலில், பாதம் தொங்கும் நடையின் படத்தையும் அதன் கீழே தீட்டிய அரிசி என்னும் சொல்லையும் நான் கண்டது 1992இல்.